காபி மேசையில் கேட்ட செய்தியைச் சரிபார்க்கலாமா, கூடாதா?

#1 மேசைமுனை

நண்பர்களே, ஒரு சின்னப் பஞ்சாயத்து.

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்த காபிக் கூட்டம் ஒன்று உண்டு. பதினொரு மணி ஆனால் யாரும் யாரையும் கூப்பிடாமலே எழுந்து போவோம். கால் மணி நேரம்தான். பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டோம். யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, யாருக்கு மாற்றல் வரப்போகிறது, நேற்று எங்கோ படித்தது, யாரோ சொன்னது, இவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக எங்களில் ஒருவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. "கேள்விப்பட்டீங்களா?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், சொல்லி முடிப்பதற்குள் கைபேசியில் தேடிவிடுகிறார். "அது பொய்." "அது மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தி." "அந்தப் படம் வேறு எங்கேயோ எடுத்தது." அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, அதுதான் இன்னும் கடுப்பு. இப்போது யாரும் எதையும் சொல்வதில்லை. ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்தபடி குடித்துவிட்டு எழுந்து வருகிறோம்.

காபி நேரத்தில் காதில் விழுவதை எல்லாம் சரிபார்த்துத்தான் ஆக வேண்டுமா? உங்கள் கூட்டங்களில் எப்படி?

#2 சூடாறாதவன்

எங்கள் கூட்டத்தில் கைபேசி தேவையே இல்லை. செய்தி கொண்டுவரும் நண்பரை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். "உறுதியான தகவல்" என்று ஆரம்பித்தால் பொய். "உனக்கு மட்டும் சொல்றேன்" என்றால் ஊருக்கே தெரிந்தது. "என்னவோ, காதில் விழுந்தது" என்று இழுத்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவோம்.

#3 நூலாம்படை

நல்ல கேள்வி. ஆனால் புதுக் கேள்வி இல்லை. இதே பஞ்சாயத்து 17ஆம் நூற்றாண்டு லண்டனில் அரசன்வரை போயிருக்கிறது.

அந்தக் காலத்துக் காபிக் கடைகளில் செய்தித்தாள் இருக்கும், துண்டுப் பிரசுரம் இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். அரண்மனைக்கு அது பிடிக்கவில்லை. 1675 டிசம்பர் கடைசியில் இரண்டாம் சார்லஸ் மன்னர், காபிக் கடைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி ஆணை போட்டார். அதில் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே பொய்யான, அவதூறான செய்திகள் கிளம்பிப் பரவுகின்றன என்பது. 1676 ஜனவரி 10 முதல் மூட வேண்டும். ஆனால் எதிர்ப்பு பலமாக இருந்ததால், தேதி வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அரசனாலேயே முடியவில்லை, உங்கள் நண்பர் ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு முயல்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே லண்டனில் 1680களில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காபிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகள், மாலுமிகள், சரக்குக்குக் காப்புறுதி எழுதுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடினார்கள். எந்தக் கப்பல் கிளம்பியது, எது கரை சேர்ந்தது, எது வரவேயில்லை என்பதுதான் அங்கே பேச்சு. அந்த மேசைப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தை. அங்கே ஒரு செய்தி பொய் என்றால் கேட்டவனுக்குப் பணம் போகும். ஆகவே அந்த மேசையில் செய்திக்கு மதிப்பு இருந்தது.

என் கட்சி இதுதான்: யாருக்காவது பணமோ மானமோ போகும் என்றால் சரிபாருங்கள். இல்லையென்றால் காபியைக் குடியுங்கள்.

#4 இரண்டாம்கோப்பை

ஐயா சொன்னதில் கடைசி வரியோடு முழு உடன்பாடு.

காபிக்குப் போவது உண்மையைத் தெரிந்துகொள்ளவா? பத்து மணிவரை உம்மென்று இருந்த முகம் பதினொன்றேகாலுக்குச் சிரிக்கிறது, அதற்குத்தான் போகிறோம். ராபின் டன்பார் என்ற மானிடவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் பொது இடங்களில் ஒட்டுக்கேட்டு (ஆய்வுக்காகத்தான்!) ஒரு கணக்கு எடுத்தார்கள். மக்கள் பேசும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யார் யாரோடு, யார் என்ன செய்தார் என்பது போன்ற மனிதர் சங்கதிதான். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது போல நமக்குப் பேச்சு என்பது அவருடைய வாதம். பேன் பார்க்கும்போது, "இது பேனா, பொடுகா, ஆதாரம் காட்டு" என்று எந்தக் குரங்காவது கேட்குமா?

#5 வெண்பலகை

இரண்டாம்கோப்பை, குரங்குக்குப் பேன் போனால் நல்லது. நம் பேச்சில் பேன் ஏறிவிடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எங்கள் ஆசிரியர் அறையில் நடந்தது. ஒருவர் உள்ளே வந்ததும் வராததுமாக, "காபி குடித்தால் புற்றுநோய் வருமாம், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாம்" என்றார். ஆறு பேர் கையிலும் கோப்பை. ஒருவர் உதட்டுக்குக் கொண்டுபோனதை அப்படியே கீழே வைத்தார். இன்னொருவர் கோப்பைக்குள்ளே எட்டிப் பார்த்தார், அங்கே ஏதோ தெரியப்போகிற மாதிரி. அரை நிமிடம் கழித்து எல்லோரும் பழையபடி குடித்தார்கள். ஆனால் ஒரு மூத்த ஆசிரியை அன்றோடு காபியை விட்டுவிட்டார். அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

விஷயம் என்ன தெரியுமா? அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் காபியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் "காரணமாக இருக்கக்கூடியது" என்ற பட்டியலில் வைத்தது. 2016இல் அவர்களே மறுபடி ஆராய்ந்து, அப்படி வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே கூட்டத்தில் வேறொன்று சொன்னார்கள். 65 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும், தண்ணீரே ஆனாலும், உணவுக்குழாய்க்கு ஆபத்து இருக்கலாம் என்று. குற்றவாளி சூடு. பழி காபிக்கு.

அப்புறம் 2018இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, காபிக்கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளுக்காகக் காபி விற்பவர்கள் எச்சரிக்கை வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அது உலகம் முழுக்கப் போனது. அடுத்த ஆண்டே அந்த மாநில அரசு காபிக்கு விலக்கு கொடுத்தது. அந்தச் செய்தியை எங்கள் அறைக்கு யாரும் கொண்டுவரவில்லை.

#6 சூடாறாதவன்

அக்கா, 65 டிகிரியா? என் புனைபெயரை மாற்றச் சொல்லி மட்டுறுத்துநருக்கு விண்ணப்பம் போடப்போகிறேன்.

சரி, அந்த ஆசிரியை மறுபடி குடிக்க ஆரம்பித்தாரா இல்லையா?

#7 வெண்பலகை

ஆரம்பித்தார். "ஆறவைத்துக் குடிக்கிறேன், திருப்தியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு.

#8 மேசைமுனை

எல்லோருக்கும் நன்றி. உடம்பு, பணம் பற்றிய செய்தி என்றால் சரிபார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் சிக்கல் தேடினாலும் கைபேசியில் கிடைக்காத செய்தி.

உதாரணத்துக்கு ஒன்று. பக்கத்துப் பிரிவில் ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தார். அன்று சட்டை மடிப்புக் கலையாமல் அவரை எங்கோ பார்த்ததாக ஒருவர் சொன்னார். மறுநாள், "நேர்காணலுக்குப் போயிருப்பாரோ?" அதற்கு மறுநாள், "நேர்காணலுக்குப் போனாராமே." வாரக் கடைசியில், "அவர் இடத்துக்கு யாரைப் போடப் போகிறார்கள்?" அவர் பாவம், வழக்கம்போல வந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னிடமே இரண்டு பேர் வந்து, "உங்கள் நண்பர்தானே, எப்போது கிளம்புகிறார்?" என்று கேட்டுவிட்டார்கள். இதை எந்தத் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பது?

#9 வெண்பலகை

நீங்கள் சொன்ன வரிசையை அப்படியே பாடத்தில் வைக்கலாம். கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டாம் உலகப் போர்க்கால வதந்திகளை ஆராய்ந்து 1947இல் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டி, அவர் பார்த்ததை அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதற்கு அடுத்தவரிடம். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் உதிர்ந்துபோனது. மிச்சம் இருக்கிற ஓரிரு விவரம் தடித்துப்போகும். கேட்பவர் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதற்குத் தோதாகக் கதை வளைந்துகொள்ளும்.

உங்கள் கதையில் முதலில் உதிர்ந்தது எது, பாருங்கள். "போயிருப்பாரோ" என்பதில் இருந்த சந்தேகம். சட்டை மட்டும் கடைசிவரை நின்றிருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

#10 மேசைமுனை

நின்றது. இப்போது அது புதுச் சட்டை.

#11 ஓரத்துநாற்காலி

வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்கிறேன், இங்கே எழுதுவது முதல் தடவை.

எல்லோரும் காதில் விழும் செய்தியைக் கெட்ட பிள்ளை ஆக்கிவிட்டீர்கள். எனக்கு இப்போதிருக்கிற வேலையே அப்படிக் கிடைத்ததுதான். நெருங்கிய நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எப்போதாவது காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பார்க்கும் ஒருவர், பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, கோப்பை நிரம்பும்வரை நிற்க வேண்டுமே என்று பேச்சுக்கு ஒரு தகவல் சொன்னார். அதுதான் கைகொடுத்தது.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 17 சதவீதம். அவ்வப்போது என்றவர்கள் 56 சதவீதம் போல. அபூர்வமாக என்றவர்கள் 28 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது அனேகமாக நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

அன்று அவர் சொல்லும்போது யாராவது குறுக்கே புகுந்து, "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நானும் பழைய இடத்திலேயே இருந்திருப்பேன்.

#12 இரண்டாம்கோப்பை

வாங்க ஓரத்துநாற்காலி, முதல் பதிவிலேயே என் அணிக்கு வலு சேர்த்துவிட்டீர்கள். நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

எனக்குக் கோபம் சரிபார்ப்பதன் மேல் இல்லை, மேசை மேல் வரும் கைபேசி மேல்தான். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 300க்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தோடும் வெளியே சாப்பிட அனுப்பினார்கள். சில மேசைகளில் கைபேசி வெளியே இருக்கும், சிலவற்றில் உள்ளே போய்விடும். கைபேசி வெளியே இருந்த மேசைக்காரர்கள் அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைவாகவே ரசித்ததாகச் சொன்னார்கள். வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் இருந்தது. ஒன்றைத் தேடக் கைபேசியை எடுத்தவர் அதோடு நிறுத்துகிறாரா? நாலு அறிவிப்பைத் தள்ளிவிட்டு, ஒரு செய்திக்குப் பதில் போட்டு, திரும்பி வந்து, "என்ன பேசிட்டிருந்தோம்?" என்பார்.

#13 மட்டுறுத்துநர்

தேர்தல் தொடர்பான இரண்டு பதிவுகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் அரசியல் பகுதிக்கு மாற்றப்பட்டன. காபி சூடாகவே இருக்கட்டும், நீங்கள் ஆகாதீர்கள். புனைபெயர் மாற்றும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

#14 கையில்கைபேசி

இத்தனை பதிவிலும் என்னை மாதிரி ஆளைத்தான் போட்டு வறுத்திருக்கிறீர்கள். மேசைமுனையின் நண்பர் நானில்லை, ஆனால் அதே சாதி.

ஏன் தேடுகிறேன் என்று சொல்கிறேன். 2018இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய, சரிபார்ப்பு அமைப்புகளால் உண்மை அல்லது பொய் என்று தீர்க்கப்பட்ட செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. ஆளில்லாமல் நிரல் தானாக இயக்கும் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அதே கதை. பரப்பியது மனிதர்கள்தான். பொய்யில் புதுமை அதிகம், அதனால் சொல்லத் தோன்றுகிறது. காபி மேசையிலும் சொல்லத் தூண்டுவது அதே ஆசைதானே?

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. சொல்பவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். முதல் கேள்வி, "அப்புறம் என்ன ஆச்சு?" இரண்டாவது, "யார் சொன்னாங்க?" பாதிச் செய்தி இரண்டாவது கேள்வியிலேயே படுத்துவிடும், கைபேசியை எடுக்கவே வேண்டாம். தேடுவதாக இருந்தால் இடத்துக்குத் திரும்பிய பிறகுதான். பொய் என்று தெரிந்தால் சொன்னவருக்கு மட்டும் தனியாகச் சொல்வேன், சபையில் இல்லை.

அப்புறம், எத்தியோப்பியாவில் ஆட்டு மேய்ப்பன் ஒருவனின் ஆடுகள் ஏதோ பழத்தைத் தின்று துள்ளின, அப்படித்தான் காபி கண்டுபிடிக்கப்பட்டது என்று எல்லோரும் சொல்வோமே? அந்தக் கதை எழுத்தில் முதலில் வருவது 1671இல், ரோமில் ஒரு அறிஞர் எழுதிய லத்தீன் நூலில். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஏமனில் சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூங்கிவிடாமல் இருக்கக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். காபியின் பிறப்புக் கதையே காபி நேரத்து அரட்டை மாதிரிதான் இருக்கிறது.

#15 சூடாறாதவன்

ஆட்டையுமா விட்டுவைக்கவில்லை!

சரி, இதைப் பாருங்கள். "உலகின் முதல் வெப்கேமராவைப் பொருத்தியதே காபி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான்." நேற்று ஒருவர் எங்கள் மேசையில் அடித்துவிட்டார். எங்கள் விதிப்படி அவர் "உறுதியான தகவல்" என்றுதான் ஆரம்பித்தார்.

#16 கையில்கைபேசி

உங்கள் விதி இந்த முறை கவிழ்ந்தது. உண்மைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 1991இல் செய்தது. காபிக் குடுவை ஒரே அறையில் இருந்தது, அந்த அறைக்குப் பெயர் ட்ரோஜன் அறை. வேறு மாடியில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் குடுவை காலி. ஆகவே ஒரு கேமராவைக் குடுவைப் பக்கம் திருப்பி, படம் உள் வலையில் தெரியும்படி செய்தார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. 2001இல் நிறுத்தினார்கள். அந்தக் காபி இயந்திரத்தை ஏலத்தில் ஒரு ஜெர்மன் செய்தி இணையதளம் வாங்கியது.

#17 நூலாம்படை

மேசைமுனை, ஒன்று கவனித்தேன். ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மேலே சொன்ன டன்பார் இன்னொன்றையும் எண்ணியிருக்கிறார். ஒரே பேச்சில் சேர்ந்திருப்பவர்கள் சாதாரணமாக நாலு பேர்வரைதான். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு இரண்டாகப் பிரியும், இல்லையென்றால் ஒருவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் ஐவரில் பேச்சு கிடைக்காதவர் யார்? கைபேசியை எடுப்பவர்தானா? "அது பொய்" என்று சொல்லும் அந்த ஒரு நொடிதான் மற்ற நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்க்கும் நேரமாக இருக்கலாம்.

#18 மேசைமுனை

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அவர் உட்காருவது சுவரோரம். நாங்கள் நாலு பேரும் ஒரே குழுவில் வேலை பார்க்கிறோம், அவர் வேறு குழு. எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் புரியவே வாய்ப்பில்லை.

இன்று அவரை நடுவில் உட்காரவைத்து அவர் குழுவைப் பற்றிக் கேட்டேன். கைபேசி ஒரு தடவை வெளியே வந்தது. அதுவும் பூனைப் படம் காட்டுவதற்கு. நாளைக்குப் பழையபடி ஆகலாம், பார்ப்போம்.

ஆனால் அந்தச் சட்டைக்காரர் விஷயம் அப்படியே நிற்கிறது. அவரிடம் நேரில் கேட்டுவிடலாமா?

#19 வெண்பலகை

கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் ஊரே அவரைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

#20 இரண்டாம்கோப்பை

அக்கா சொன்ன மாதிரி கேட்டுவிடாதீர்கள். சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு.

"வேலையை விடப் போறீங்களா?" என்று கேட்டால், உண்மையாக இருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டி வரும். பொய்யாக இருந்தாலும் அன்று எங்கே போனார் என்று விளக்கம் கொடுக்க வேண்டி வரும். இரண்டுக்கும் அவருக்குக் கடமை இல்லை. "உங்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஓடுகிறது, உங்கள் காதுக்கு வராமல் போகக் கூடாது என்று சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்களிடம் யாராவது மறுபடி கேட்டால், "தெரியலை, அவர்கிட்டேயே கேளுங்க" என்ற ஒரே பதில். என் அனுபவத்தில் பேச்சு அதோடு சப்பென்று ஆகிவிடும்.

#21 கையில்கைபேசி

எதிரணியாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். சரிபார்க்க முடிந்தாலும் சரிபார்க்கக் கூடாத செய்தி இது.

#22 மேசைமுனை

மதியம் அவரிடம் சொல்லிவிட்டேன், இரண்டாம்கோப்பை சொன்ன அதே மாதிரி. நான் கேட்காமலே அவர் ஒரு பதில் சொன்னார். அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை.

#23 சூடாறாதவன்

இது அநியாயம்! பல் பிடுங்கப் போனாரா, நேர்காணலுக்குப் போனாரா, ஒரு குறியாவது போடுங்கள். சட்டை புதுசா இல்லையா, அதையாவது சொல்லுங்கள்.